தனியே அமர்வோம், கூடித் தொடர்வோம்

தியானம் தொடங்குவது எளிது. விடாமல் தொடர்வதே கடினம். அதிகாலைப் பிரட்டு, வீட்டு வேலை, பிள்ளைகளின் கூச்சல் என்று நான்கு நாள் தவறினால், பழக்கம் நின்றுவிடுகிறது. நானும் இருமுறை அப்படி விட்டவன்தான்.

இந்தத் தடையை அறிந்தவர் சுவாமி சிவானந்தர். பத்தமடையில் பிறந்த அவர், 1913இல் மலாயா வந்து, நெகிரி செம்பிலானில் தோட்ட மருத்துவமனையில் பணியாற்றினார். 1923இல் நாடு திரும்பி, பின்னர் துறவு பூண்டார். 1936இல் அவர் ரிஷிகேசத்தில் நிறுவிய தெய்வீக வாழ்க்கைச் சங்கத்துக்கு நம் பத்துமலையிலும் ஆசிரமம் உண்டு.

அவர் இரண்டு துணைகளைச் சொன்னார். ஒன்று, நாட்குறிப்பு: எத்தனை மணிக்கு எழுந்தேன், எவ்வளவு நேரம் தியானித்தேன், எத்தனை முறை கோபப்பட்டேன் என்று தினமும் எழுதி, மாதந்தோறும் வழிகாட்டியிடம் காட்டுவது. மற்றொன்று, சத்சங்கம் என்னும் கூட்டு வழிபாடு.

கூடி அமர்ந்தால் என்ன பயன்? "உட்கார்ந்தாலே தூக்கம் வருகிறது" என்று ஒருவர் சொல்வார். "முகம் கழுவி, முதுகை நிமிர்த்தி உட்காருங்கள்" என்பார் பழகியவர். குறை நமக்கு மட்டுமல்ல என்று தெரிந்ததும் மனம் தளராது.

வரும் வெள்ளிக்கிழமை, கோயில் பூசை முடிந்ததும் நாலு பேர் பத்து நிமிடம் சேர்ந்து அமருங்கள். பிள்ளையின் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்று போதும், கணக்கெழுத. ஒரு நாள் தவறினால் மறைக்காமல் எழுதுங்கள். மறுநாள் மீண்டும் அமருங்கள்.