பொருளாதாரத் தடை நிஜமாவே வேலை செய்யுமா? ஈரான் விவகாரம் சொல்வது என்ன?

குண்டு போடாமல், கஜானாவில் கை வைத்து ஒரு நாட்டைப் பணிய வைப்பதுதான் பொருளாதாரத் தடை. போரைவிட இது மேல் என்பார்கள். ஆனா, இது பலிக்குதா? ஈரான் விவகாரத்தில் இதற்கு இரண்டு பதில்கள் இருக்கின்றன.

பலித்தது எப்போது?

2012-ல் ஐரோப்பிய ஒன்றியம் ஈரானிடம் எண்ணெய் வாங்குவதை நிறுத்தியது. வங்கிகள் நாடு விட்டு நாடு பணம் அனுப்ப உதவும் ஸ்விஃப்ட் அமைப்பில் இருந்தும் ஈரான் வங்கிகள் துண்டிக்கப்பட்டன. எண்ணெய் விற்றாலும் காசு கைக்கு வராத நிலை. 2015 ஜூலையில், அமெரிக்கா, ரஷ்யா, சீனா உள்ளிட்ட 6 நாடுகளுடன் ஈரான் அணுசக்தி ஒப்பந்தம் செய்தது. யுரேனியம் செறிவூட்டலை 3.67 சதவீதத்துக்குள் வைக்க ஒப்புக்கொண்டது. 2016 ஜனவரியில் தடைகள் தளர்ந்தன.

சறுக்கியது எங்கே?

ஒப்பந்தத்தை ஈரான் மீறவில்லை என சர்வதேச அணுசக்தி முகமை சொல்லிவந்த நிலையிலேயே, 2018 மே மாதம் அதிபர் ட்ரம்ப் அதிலிருந்து விலகினார். மறுபடியும் தடை. 'ஈரானுடன் வர்த்தகம் செய்தால் உங்கள் மீதும் தடை' என மற்ற நாடுகளுக்கும் மிரட்டல். 2019 மே மாதத்தோடு இந்தியாவும் ஈரான் எண்ணெயை நிறுத்தியது. ஈரான் பணிந்ததா? இல்லை. 2021-ல் செறிவூட்டலை 60 சதவீதத்துக்கு ஏற்றியது. அணுகுண்டுக்குத் தேவை சுமார் 90 சதவீதம். தடையால் தவிர்க்க நினைத்த குண்டுவீச்சும் கடைசியில் நடந்தது: 2025 ஜூனில் ஈரானின் அணுசக்தி மையங்களை இஸ்ரேலும் அமெரிக்காவும் தாக்கின.

அடி யாருக்கு?

மருந்துக்கும் உணவுக்கும் தடையில் விலக்கு உண்டு. ஆனா அது காகிதத்தில்தான். அமெரிக்க அபராதத்துக்குப் பயந்து வெளிநாட்டு வங்கிகள் பணப் பரிமாற்றத்துக்கே மறுத்தன. பணம் போகாத இடத்துக்கு மருந்து எப்படிப் போகும்? புற்றுநோய், ரத்தம் உறையாமை நோயாளிகள் மருந்துக்கு அல்லாடினார்கள். ஆட்சியாளர்கள் நாற்காலியிலேயே இருந்தார்கள்.

அப்போ, என்னதான் முடிவு?

2012-லும் வலி இருந்தது. 2018-லும் வலி இருந்தது. முதல் முறை கோரிக்கை தெளிவு, பெரிய நாடுகள் ஓரணி, 'இதைச் செய்தால் தடை நீங்கும்' என்ற வாக்குறுதி. இரண்டாவது முறை அந்த வாக்குறுதியே உடைந்துபோயிருந்தது. தடை போடுவதைவிட, சொன்னபடி அதை எடுப்பார்கள் என்ற நம்பிக்கைதான் எதிராளியைப் பேச்சுவார்த்தைக்கு இழுத்து வருகிறது.