திறமை என்னும் பக்கவாசல்



இட ஒதுக்கீடு என்று நாம் வாய் திறந்ததுமே, 'தகுதி என்னாவது, திறமை என்னாவது?' என்று ஒரு குரல் எழும். இந்த நினைவுரையில் அந்தக் கேள்வியை அமெரிக்காவில் வைத்துப் பார்ப்போம். அண்ணல் அம்பேத்கர் 1913இல் போய்ச் சேர்ந்த கொலம்பியா உட்பட எட்டுப் பல்கலைக்கழகங்களை அங்கே 'ஐவி லீக்' என்கிறார்கள். அறிவின் உச்சம் என்று உலகம் மதிக்கும் அந்தப் பெயர், உண்மையில் 1954இல் அமைந்த ஒரு விளையாட்டுக் கூட்டமைப்பின் பெயர்.

இங்கே விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. ஆனால் ஒவ்வொரு அணியின் பயிற்சியாளரும் தனக்கு வேண்டிய மாணவர்களைத் தேடிப் பிடித்துச் சேர்க்கை அலுவலகத்துக்குப் பரிந்துரைக்கிறார். அந்தப் பரிந்துரையின் எடை எவ்வளவு? ஹார்வர்டு மீதான வழக்கில் வெளிவந்த தரவுகள் அதைக் காட்டின. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட வீரர்களில் 86 விழுக்காட்டினருக்கு இடம் கிடைத்தது. எந்த முன்னுரிமையும் இல்லாத மாணவர்களில் நூற்றுக்கு 6 பேருக்குக்கூடக் கிடைக்கவில்லை.

'திறமையுள்ளவர் நுழைகிறார், இதில் என்ன தவறு?' என்று கேட்கலாம். எந்த விளையாட்டு என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும். கூடைப்பந்து, ஓட்டம் வழியாகக் கறுப்பின மாணவர்கள் வருவது உண்மை. ஆனால் ஹார்வர்டில் சுமார் 40 அணிகள் இருக்கின்றன. துடுப்புப் படகு, பாய்மரப் படகு, வாள்வீச்சு, ஸ்குவாஷ், வாட்டர்போலோ எல்லாம் அவற்றில் அடக்கம். படகு வேண்டும், மன்ற உறுப்பினர் கட்டணம் வேண்டும், தனிப் பயிற்சியாளர் வேண்டும், ஊர் ஊராகப் போட்டிக்கு அழைத்துப் போகப் பெற்றோருக்கு நேரமும் பணமும் வேண்டும். பிள்ளையின் உழைப்பு பொய்யல்ல. ஆனால் அந்த உழைப்புக்கான களம் பணத்தால் வாங்கப்பட்டது.

ஐவி லீக்கையும் அதற்கு இணையான நான்கு பல்கலைக்கழகங்களையும் ஆராய்ந்து 2023இல் வெளியான ஆய்வு இதை எண்ணிக்கையில் சொன்னது. பெரும் பணக்கார 1 விழுக்காட்டுக் குடும்பங்களிலிருந்து இடம் பெற்றவர்களில் எட்டில் ஒருவர் விளையாட்டு வழியாக வந்தவர். வருமானத்தில் கீழ்நிலை 60 விழுக்காட்டுக் குடும்பங்களிலிருந்து வந்தவர்களில் இருபதில் ஒருவர் மட்டுமே.

இந்த வாசலின் காவல் எவ்வளவு தளர்வானது என்பதை 2019இல் அம்பலமான மோசடி காட்டியது. விளையாடவே விளையாடாத பிள்ளைகளைப் பணக்காரப் பெற்றோர் வீரர்களாக வேடமிட்டு அனுப்பினர். பயிற்சியாளர்களுக்குப் பணம் போயிற்று, படங்கள் திருத்தப்பட்டன. ஏற்பாடு செய்த தரகர் இதற்கு வைத்த பெயர் 'பக்கவாசல்'. சிலர் சிறைக்குப் போனார்கள். ஆனால் சட்டப்படி திறந்திருக்கும் வாசலைப் பற்றிய கேள்வி அத்தோடு அடங்கிவிட்டது.

2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. சமத்துவத்தின் பெயரால் அந்தக் கதவு மூடப்பட்டது. அதே வழக்கின் தரவுகளில் இன்னொன்றும் இருந்தது. ஹார்வர்டில் இடம் பெற்ற வெள்ளையின மாணவர்களில் 43 விழுக்காட்டுக்கும் மேலானோர் விளையாட்டு வீரர்கள், பழைய மாணவரின் பிள்ளைகள், நன்கொடையாளர் தொடர்புடையோர், ஊழியர் பிள்ளைகள் ஆகிய நான்கு வகையினர். கறுப்பின, ஆசிய, ஹிஸ்பானிய மாணவர்களில் இவ்வகையினர் தலா 16 விழுக்காட்டுக்கும் குறைவு. அந்தக் கதவுகளைத் தீர்ப்பு தொடவில்லை.

ஒடுக்கப்பட்டவருக்குக் கிடைப்பது 'சலுகை'. வசதி படைத்தவருக்குக் கிடைப்பது 'திறமைக்கான பரிசு'. இரண்டுமே முன்னுரிமைதான். எதற்கு எந்தப் பெயர் என்று முடிவு செய்யும் இடத்தில்தான் அதிகாரம் உட்கார்ந்திருக்கிறது. இது நமக்குப் புதிதல்ல. சாதி நமக்குச் சொல்லிக் கொடுத்த பாடம்தான்.

விளையாட்டுக்கு இடம் தருவதை நாம் எதிர்க்கவில்லை. சென்னை ஐஐடியும் 2024–25 முதல் விளையாட்டு வீரர்களுக்கெனத் தனி இடங்கள் ஒதுக்குகிறது. அங்கும் நாம் கேட்க வேண்டியவை மூன்று. எந்த விளையாட்டுகள் கணக்கில் வருகின்றன? அவற்றுக்கான மைதானம் யார் தெருவில் இருக்கிறது? பயிற்சிக்கு யார் பணம் கட்டுகிறார்கள்? இனி யாராவது நம்மிடம் தகுதி பற்றிப் பேசினால், இந்த மூன்றுக்கும் முதலில் பதில் கேட்போம்.

ஜெய்பீம்.