குறையைச் சொல்லு... கேமராவை மாத்து!

"ஃபங்கஸ் இருக்கா?"

"முன்பக்கம் க்ளீன்ணே. பின்கண்ணாடியில ஓரமா ரெண்டு நூல் ஓடுது."

"ஷட்டர்?"

"ஒரு செகண்ட்ல வெச்சா இழுத்து இழுத்து மூச்சு விடுது. மத்த ஸ்பீடெல்லாம் ஓகே."

டாக்டரும் பேஷன்ட்டும் பேசிக்கிற மாதிரி இருக்கா? அதான் இல்லை! பழைய ஃபிலிம் கேமரா கைமாறும் இடத்தில் காதில் விழுகிற டயலாக் இப்படித்தான் இருக்கும். ஒரு பிறந்தநாள் பார்ட்டிக்கே மொபைலில் இருநூறு படம் சுட்டுத் தள்ளுகிற நம்ம செட்டிலேயே ஒரு கூட்டம், 36 படத்தோடு முடிந்துபோகிற ரோலை மாட்டிக்கொண்டு, அப்பா காலத்து கேமராவும் கழுத்துமாக அலைகிறது. லென்ஸை லென்ஸோடு ஒப்பிடுகிறார்கள், டீக்கடையில் சண்டை போடுகிறார்கள், கடைசியில் ஆளுக்கொன்றாக மாத்திக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

இந்தப் பண்டமாற்று உலகத்தில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. பொருளில் என்ன குறை இருக்கிறதோ, அதை விற்கிறவனே முதலில் சொல்லிவிடணும். ஏன் அப்படி ஒரு சட்டம்? வாங்க, உள்ளே போய்ப் பார்ப்போம்.

புதுசு கிடைக்காது மச்சி!

முதல் காரணம், புது கேமரா கிட்டத்தட்ட கிடையாது. கேனான் தன் கடைசி ஃபிலிம் கேமராவான இஓஎஸ்-1வி விற்பனையை 2018-ல் நிறுத்தியது. நிக்கான் எஃப்6-க்கு 2020-ல் மூடுவிழா. லைகா இன்னும் தயாரிக்கிறது. ஆனால் விலையைக் கேட்டால் பைக் வாங்கிக்கொண்டு ஓடிவிடுவோம்! பென்டாக்ஸ் 2024-ல் 'பென்டாக்ஸ் 17' என்று ஒரு புது ஃபிலிம் கேமராவை இறக்கி எல்லோரையும் ஆச்சரியப்படுத்தியது. ஒரு ஃப்ரேமைப் பாதியாக்கி 36 ரோலில் 72 படம் எடுக்கிற சமாச்சாரம் அது. ஆனால், லென்ஸைக் கழட்டி மாட்ட முடியாது.

ஆக, லென்ஸ் மாத்தி விளையாடணும்னா பழசுதான் கதி. வீட்டு பீரோவில் தூங்கும் யாஷிகா, மாமா வைத்திருந்த ரஷ்ய ஜெனிட், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய ரேடியோக்களுக்கு நடுவே எட்டிப்பார்க்கும் ஏதோ ஒன்று... இப்படித்தான் ஆட்கள் தேடிப்பிடிக்கிறார்கள். மும்பைக்காரர்களுக்கு போரா பஜார், டெல்லிக்காரர்களுக்கு சாந்தினி சௌக். போட்டோகிராபி படித்த பல தலைமுறை மாணவர்கள் பழகிய பென்டாக்ஸ் கே1000, 1976 முதல் 1997 வரை தயாரானது. அதாவது, கடைசியாக வந்த கே1000-க்கே உங்களில் பலரைவிட வயசு அதிகம். அண்ணன்னு கூப்பிடணும்!

இவ்வளவு வயசான பொருளுக்கு எந்தக் கம்பெனி வாரன்ட்டி கொடுக்கும்? விற்கிறவர் சொல்லும் சொல்தான் வாரன்ட்டி கார்டு.

இரண்டாவது காரணம், ஃபிலிம் விலை. நம்ம ஊட்டியிலேயே ஒரு காலத்தில் ஃபிலிம் தயாரானது தெரியுமோ? மத்திய அரசின் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனம் 1960-ல் தொடங்கப்பட்டு, 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் விற்றது. அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை. நாம் மாட்டுகிற ரோல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. ஒரு ரோலுக்கும் அதைக் கழுவி ஸ்கேன் பண்ணுவதற்கும் ஆகும் காசில் ஹாஸ்டல் பையன் பல நாள் மெஸ் பில் கட்டிவிடுவான். குறையை மறைத்து ஒரு கேமராவைத் தலையில் கட்டினால், போவது கேமராவின் விலை மட்டும் இல்லை. அது முழுங்குகிற ஒவ்வொரு ரோலும் சேர்த்துப் போகும். பாட்டியோடு எடுத்த போட்டோவும் சேர்ந்தே போகும்.

பத்துப் பொருத்தம் பார்த்தாச்சா?

கல்யாணத்துக்கு ஜாதகம் மாதிரி, லென்ஸுக்கு மவுன்ட். லென்ஸ் பாடியில் உட்காரும் இடம்தான் மவுன்ட். நிக்கான் 1959-ல் கொண்டுவந்தது எஃப் மவுன்ட். பழைய பென்டாக்ஸ், ஜெனிட், பிராக்டிகா எல்லாம் பாட்டில் மூடி மாதிரி திருகிப் போடும் எம்42. பழைய கேனானுக்கு எஃப்டி. எதையும் எதிலும் மாட்ட முடியாது.

அடாப்டர் போட்டால்? அங்கேதான் கணக்கு இருக்கிறது. மவுன்ட்டிலிருந்து ஃபிலிம் வரைக்கும் உள்ள தூரம் கம்பெனிக்கு கம்பெனி மாறும். நிக்கானில் 46.5 மி.மீ., எம்42-ல் 45.46 மி.மீ., கேனான் எஃப்டி-யில் 42 மி.மீ. எம்42 லென்ஸை நிக்கானில் மாட்டினால், அது இருக்க வேண்டிய இடத்தைவிட ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போய்விடும். விளைவு, பக்கத்தில் இருக்கும் முகம் ஷார்ப்பாக வரும். தூரத்துக் கோபுரம் மசமசவென்று நிற்கும். ஒரு மில்லிமீட்டர்தானேன்னு நினைச்சா காலி!

ஆனால், கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் டிஜிட்டல் கேமராக்கள் வந்ததும் கதை மாறியது. சோனி இ மவுன்ட்டில் அந்தத் தூரம் வெறும் 18 மி.மீ. மிச்சமுள்ள இடத்தில் தாராளமாக அடாப்டர் போடலாம் என்பதால், பழைய லென்ஸ்களில் ஏறக்குறைய எல்லாமே உட்காரும். சும்மா கிடந்த பழைய லென்ஸ்களுக்கு திடீர் மவுசு வந்ததற்கு இது ஒரு பெரிய காரணம். 'ஃபிலிம் பாடி வேண்டாம், லென்ஸ் மட்டும் கொடு' என்று வருகிறவர்களால் தலையில்லாத முண்டமாக எத்தனையோ பாடிகள் அநாதையாகக் கிடக்கின்றன. மாற்றிக்கொள்ள வருகிறவர்கள் அந்த முண்டங்களையும் கவனியுங்கள். சல்லிசாகக் கிடைக்கும்!

எது பெஸ்ட்? வெச்சுப் பார்த்துடுவோம்!

டீக்கடைச் சண்டை தொடங்குவது இங்கேதான். ரஷ்ய ஹீலியாஸ் 44-2 பெருசா, ஜப்பான் டாகுமார் பெருசா? ஹீலியாஸ் 58 மி.மீ. லென்ஸ், ஜெர்மனியின் ஜைஸ் பயோட்டார் டிசைனைப் பார்த்துச் செய்தது. எஃப் 2-ல் திறந்து வைத்து, ஆளுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி ஒரு வேப்பமரம் இருக்கிற மாதிரி எடுத்தால், இலைகளுக்கு நடுவே தெரியும் வெளிச்சப் புள்ளிகள் ஆளைச் சுற்றிச் சுழல்கிற மாதிரி வரும். ரசிகர்கள் உயிரை விடுவது இந்தச் சுழலுக்குத்தான். டாகுமார்க்காரர்களோ, ஃபோகஸ் வளையம் வெண்ணெய் மாதிரி திரும்புவதைக் காட்டியே ஆளை மயக்கிவிடுவார்கள்.

பேசித் தீராது. ஒரே ரோல், ஒரே ஸ்டாண்ட், ஒரே வெளிச்சம். மொட்டைமாடிக் கொடியில் காயும் துணியைக் குறிவைத்து, ஒவ்வொரு லென்ஸிலும் முழுசாகத் திறந்து ஒரு படம், எஃப் 8-ல் ஒரு படம். எந்தப் படம் எந்த லென்ஸ் என்று நோட்டில் குறித்துக்கொள்ளணும். ரோலைக் கழுவி வந்ததும் பாருங்கள் வேடிக்கையை. திறந்து எடுத்ததில் ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு குணம் தெரியும். எஃப் 8-ல் எடுத்ததை, நோட்டைப் பார்க்காமல் எது எதுன்னு சொல்லச் சொன்னால் பெரிய பெரிய வித்வான்களே முழிப்பார்கள்! நல்ல நிலையில் இருக்கிற 50 மி.மீ. லென்ஸ்கள் அந்த இடத்தில் அவ்வளவு நெருங்கி வந்துவிடும். 'நல்ல நிலையில்' என்பதுதான் முக்கியம். ஃபங்கஸ் பிடித்த பிரபல லென்ஸைவிட, சுத்தமான சாதா லென்ஸ் எவ்வளவோ மேல். பெயருக்குக் காசு கொடுக்காதீங்க, நிலைமைக்குக் கொடுங்க.

கையில் வாங்கியதும்...

* மொபைல் டார்ச்சை லென்ஸின் பின்பக்கம் காட்டி, முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி நூல் தெரிந்தால் ஃபங்கஸ். லெதர் கவரில் போட்டு பீரோவில் பூட்டி வைத்தால், சென்னைக் காற்றின் ஈரத்துக்கு அது ஜோராக வளரும். தொடக்கத்தில் இருந்தால் துடைத்துவிடலாம். மேல்பூச்சைத் தின்றுவிட்டால் திரும்பாது. வாங்கிய பிறகு சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

* சில பழைய டாகுமார் லென்ஸ்கள் டீ நிறத்தில் மஞ்சளாக இருக்கும். அழுக்கு இல்லை. அந்தக் கண்ணாடியில் தோரியம் கலந்திருக்கும். புற ஊதா ஒளி பட்டால் மஞ்சள் குறையும். இதைக் காட்டி விலையைக் குறைத்துக் கேட்கிறவரும் உண்டு, தெரியாமல் கொடுத்துவிட்டு நொந்தவரும் உண்டு.

* பின்கதவைத் திறந்து, லென்ஸைக் கழட்டி, ஜன்னலைப் பார்த்து வேகமான ஸ்பீடில் தட்டுங்கள். சட்டம் முழுக்க வெளிச்சம் மின்னணும். ஒரு பக்கம் இருட்டாக இருந்தால் திரை சரியாக ஓடவில்லை. திரையை விரலால் மட்டும் தொடாதீங்க.

* ஒரு செகண்டில் வைத்து, காதருகே பிடித்து எண்ணுங்கள். ஆனால் ஜெனிட்-இ மாடலில் ஒரு செகண்டே கிடையாது. 'பி'யை விட்டால் 1/30-லிருந்துதான் ஆரம்பம். இல்லாத ஸ்பீடைத் தேடி ரிப்பேர்னு சொல்லி மானத்தை வாங்காதீங்க!

* கேனான் ஏஇ-1 பேட்டரி இல்லாமல் அசையவே அசையாது. அதனால் பேட்டரியோடு போங்கள். தட்டும்போது 'கீச்' என்று கத்தினால் உள்ளே எண்ணெய் காய்ந்துவிட்டது. கே1000-க்கு பேட்டரி மீட்டருக்கு மட்டும்தான். அதற்கு ஆன்-ஆஃப் சுவிட்ச் இல்லை. லென்ஸ் மூடிதான் சுவிட்ச்!

* கதவு ஓரத்தில் கறுப்பு ஸ்பாஞ்ச் பிசுபிசுவென்று ஒட்டுகிறதா? வெளிச்சம் புகுந்து படம் பாழாகும். பயப்பட வேண்டாம், இது சின்ன செலவில் மாத்தக்கூடிய விஷயம்.

ரெண்டு பக்கமும் நியாயம்

ஏமாற்று வேலையும் நடக்கும். சோவியத் யூனியனில் 1934-லிருந்து லைகாவைப் பார்த்து 'ஃபெட்' என்று ஒரு கேமரா செய்தார்கள். பின்னாளில் 'ஜோர்க்கி'யும் வந்தது. ரெண்டுமே நல்ல கேமராக்கள்தான். அவற்றின் மேல் பெயரைச் சுரண்டிவிட்டு 'லைகா' என்று பொறித்து, தங்க முலாம் பூசி விற்கிற கில்லாடிகள் உண்டு. லென்ஸைக் கழட்டி உள்ளே மேல்பக்கம் பாருங்கள். லைகாவில் சின்ன உருளை ஒன்று இருக்கும். ஃபெட், ஜோர்க்கியில் பெரும்பாலும் ஆப்பு மாதிரி ஒரு தகடு இருக்கும். பளபளப்பைப் பார்த்து விழுந்துவிடாதீர்கள்.

இதற்கு நேர் எதிர் ஏமாற்று ஒன்று இருக்கு. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. "தம்பி, இது எங்க வீட்டுக்காரர் வெச்சிருந்தது. என்ன வரும்னு பார்த்துச் சொல்லுப்பா" என்று ஒரு அம்மா பையைத் திறக்கிறார். உள்ளே மதிப்புள்ள லென்ஸ். அவருக்கு விலை தெரியாது, நமக்குத் தெரியும். அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு ஐந்நூறு ரூபாயை நீட்டுகிறவனும், ஃபங்கஸை மறைத்து விற்கிறவனும் ஒரே ஜாதிதான். குறையை மறைப்பது மாதிரியே, நிறைவை மறைப்பதும் திருட்டு. நியாயமான விலை சொல்லுங்க. உங்களால் வாங்க முடியவில்லையா? வாங்கக்கூடியவரைக் காட்டிவிடுங்க. அந்த அம்மா அடுத்த தடவை யாரையாவது அனுப்பினால் உங்களிடம்தான் அனுப்புவார்.

இப்படிச் சேர்கிற பேர்தான் இந்தக் கூட்டத்தில் பெரிய சொத்து. "என்கிட்ட ரெண்டு 50 இருக்கு, உன்கிட்ட 135 சும்மா கிடக்கு, மாத்திக்கலாமா?" என்று கேட்டால், காசே இல்லாமல் ரெண்டு பேருக்கும் புது லென்ஸ். ஒரு ரோல் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு சொல்ல அவகாசம் கொடுக்கிறவர்களும் உண்டு. நம்பிக்கை இருக்கிற இடத்தில்தான் அது நடக்கும்.

கடைசியாக ஒரு யோசனை. இந்தக் கேமராக்களைப் பிரித்துச் சரிசெய்யத் தெரிந்த மெக்கானிக்குகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். கிடைக்கிற ஒரு மெக்கானிக்கிடமும் 'என்ன பிரச்னைன்னு தெரியலை சார்' என்று நீட்டாதீங்க. ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஃபிலிம் டப்பாவில் போட்டு வையுங்கள். எந்த ஸ்பீடு இழுக்கிறது, ஸ்பாஞ்ச் எப்போது மாத்தினது, எந்தக் கண்ணாடியில் நூல் ஓடுகிறது... கேமரா கைமாறும்போது சீட்டும் கைமாறட்டும். வாங்குகிறவர் தன் பங்குக்கு ஒரு வரி சேர்க்கட்டும்.

உங்களுக்குப் பிறகு அந்தக் கேமராவைத் தூக்கப்போகிற ஜூனியர், உங்க முகத்தைப் பார்த்திருக்க மாட்டான். ஆனா அந்தச் சீட்டைப் படிச்சதும் சொல்வான் பாருங்க... "யாரோ நல்ல மனுஷன்டா!"