ஒரு நாள் பயணத்தின் உண்மையான விலை

விடுமுறைக் காலத்தில் மாமல்லபுரத்தில் தங்கும் குடும்பங்களில் பல, ஒரு நாளைக் காஞ்சிபுரத்துக்கென ஒதுக்குகின்றன. காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பிவிடலாம் என்பதால் அது எளிய முடிவாகத் தோன்றுகிறது. ஆனால், எத்தனை இடங்களைப் பார்ப்பது, எப்போது புறப்படுவது என்பவற்றைப் பெரும்பாலும் பயணிகள் தீர்மானிப்பதில்லை. வாடகை வாகனத்தை ஏற்பாடு செய்பவர்களே தீர்மானிக்கிறார்கள்.

பொருளியலில் 'வாய்ப்புச் செலவு' என்றொரு கருத்து உண்டு. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கைவிடும் மற்றொன்றின் மதிப்பே அது. அதை மாணவர்களுக்கு விளக்க ஒரு நாள் பயணத்தைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை என்பேன். வாகன வாடகையைப் பேரம் பேசிக் குறைக்கலாம். பகற்பொழுதை நீட்டிக்க முடியாது.

கணக்கிட்டுப் பார்ப்போம். மாமல்லபுரத்திலிருந்து காஞ்சிபுரம் ஏறத்தாழ 65 கி.மீ. போகவர சுமார் 4 மணி நேரம் ஆகும். 10 மணி நேரப் பயணத்தில் எஞ்சுவது 6 மணி நேரம். உணவுக்கும் ஓய்வுக்கும் ஒன்றரை மணி நேரம் போனால் மிச்சம் நாலரை மணி நேரம். 'ஒரே நாளில் ஐந்து கோயில்கள்' என்றால், ஒரு கோயிலுக்கு ஒரு மணி நேரம்கூடக் கிடைக்காது.

இதைவிடப் பெரிய இழப்பு நண்பகலில் நேர்கிறது. காஞ்சியின் பெரும்பாலான கோயில்களில் பகல் 12 மணியளவில் நடை சாத்தப்பட்டு, மாலை 4 மணியளவில்தான் திறக்கப்படும். நெசவை நம்பி வாழும் எங்கள் ஐயம்பேட்டை, வாலாஜாபாத்துக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடையே உள்ளது. செங்கல்பட்டு வழியாகக் காஞ்சிக்கு வரும் சுற்றுலா வாகனங்கள் எங்கள் ஊரைக் கடந்தே செல்கின்றன. பதினொரு மணிக்கு மேல் வரும் வாகனங்களைப் பார்க்கும்போதெல்லாம், இவர்கள் எந்தக் கோயிலைப் பார்க்கப் போகிறார்கள் என்ற எண்ணமே எழுகிறது.

நடை சாத்திய அந்த நான்கு மணி நேரம் வீணாவதில்லை, வேறொருவருக்கு வருவாயாகிறது. பயணிகள் பட்டுக் கடைகளுக்கு அழைத்துச் செல்லப்படுகிறார்கள். அழைத்து வந்தவருக்குத் தரகு தரும் கடைகளில், அந்தத் தரகும் சேலையின் விலைக்குள்தான் அடங்கியிருக்கும். அதில் நெய்தவருக்குப் பங்கில்லை. உடலையும் கரையையும் தனித்தனி நாடாவில் கோத்து நெய்யும் 'கோர்வை' சேலை ஒன்றை முடிக்க, வேலைப்பாட்டைப் பொறுத்துப் பல நாள்கள், சில வேளை வாரங்கள்கூட ஆகும். அந்த உழைப்பைக் காணாமலே அதன் விலை பேசப்படுகிறது.

ஆகவே, பயணத்தை முடிவு செய்யுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம்.

முதலாவது, ஏற்கெனவே பார்த்ததுடன் இந்த இடத்துக்குத் தொடர்பு உண்டா? மாமல்லபுரத்தின் கடற்கரைக் கோயிலை எழுப்பிய ராஜசிம்ம பல்லவனே காஞ்சி கைலாசநாதர் கோயிலையும் கட்டினான். துறைமுகத்தில் ஒன்றையும் தலைநகரில் மற்றொன்றையும் பார்ப்பவருக்கு, ஓர் அரசின் கலையும் செல்வமும் ஒருங்கே புலப்படும். ஐந்து கோயில்களை அவசரமாகச் சுற்றுவதைவிட இந்த ஒன்றில் இரண்டு மணி நேரம் செலவிடுவது மேல்.

இரண்டாவது, இது அதற்கான காலமா? காஞ்சிக்குக் காலை 6 மணிக்கே புறப்பட வேண்டும். வேடந்தாங்கலுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற பருவம். கோடையில் சென்றால் பெரும்பாலும் வெற்று மரங்களையே காண நேரிடும். நேரம் குறைவாக உள்ளவர்களுக்குச் சுமார் 15 கி.மீ. தொலைவிலுள்ள திருக்கழுக்குன்றம் போதும். வெயில் ஏறுமுன் மலையேறி இறங்கிவிடலாம். குடவோலை முறையைக் கூறும் பராந்தக சோழன் காலக் கல்வெட்டுகளைக் காண விரும்புவோர், உத்திரமேரூருக்கெனத் தனியே ஒரு நாளை ஒதுக்குவதே முறை.

மூன்றாவது, நாம் செலவிடும் பணம் யாரைச் சென்றடைகிறது? நண்பகல் இடைவேளையை நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் விற்பனை நிலையங்களில் செலவிடலாம். முன்கூட்டிக் கேட்டு இசைவு பெற்றால், தறி ஓடும் வீடொன்றையும் பார்க்கலாம். அங்கே அரை மணி நேரம் நின்றவருக்குச் சேலையின் விலை எதனால் ஆனது என்பது விளங்கும். 'சில்க் மார்க்' முத்திரை பட்டின் தூய்மைக்கு மட்டுமே உறுதி தருகிறது. சேலை கைத்தறியில் நெய்யப்பட்டதா என்பதை அது சொல்வதில்லை. அதற்குக் கைத்தறி முத்திரை தனியே உண்டு. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. இவற்றைக் கேட்டு வாங்குவது நுகர்வோரின் உரிமை.

சுற்றுலாவால் ஊர் வளரும் என்கிறோம். ஊருக்குள் வரும் வாகனங்களின் எண்ணிக்கை அதற்கு அளவுகோல் ஆகாது. வந்தவர் எதை அறிந்து சென்றார், அவர் தந்த பணத்தில் எவ்வளவு ஊரில் தங்கியது என்பவையே அளவுகோல்கள். குறைந்த இடங்களை நின்று பார்க்கும் பயணியே, தமக்கும் ஊருக்கும் நன்மை செய்கிறார்.