சாதிச் சான்றிதழ் இல்லை, ஆதாரில் பெயர் வேற... கல்லூரி உதவித்தொகை கிடைக்குமா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால், திருப்பனந்தாள் மாதிரி ஊர்களில் இ-சேவை மையங்களில் கூட்டம் சேர்ந்துவிடும். வரிசையில் நிற்கும் பிள்ளைகளிடம் கம்ப்யூட்டர் முன் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "அப்பாவோட கம்யூனிட்டி இருக்காம்மா?"

"இல்லீங்க" என்று சொல்லும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். அப்பா நடவு, அறுப்பு வேலைக்குப் போனவர். பள்ளிக்கூடமே போகாதவருக்குச் சான்றிதழ் வாங்க வேண்டிய தேவையே வந்திருக்காது. சில வீடுகளில் சான்றிதழ் இருந்திருக்கும், மழைத் தண்ணீர் புகுந்த கூரை வீட்டோடு போயிருக்கும். வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு, அட்மிஷனைவிட இந்தத் தாள்கள்தான் பெரிய மலை.

பலர் இந்த இடத்திலேயே "நமக்கெல்லாம் ஸ்காலர்ஷிப் வராது" என்று திரும்பிவிடுகிறார்கள். அப்படித் திரும்ப வேண்டியதில்லை. எல்லா உதவிக்கும் எல்லாத் தாளும் கேட்பதில்லை.

எந்த உதவிக்கு எந்தத் தாள்?

முதலில் மாதம் 1,000 ரூபாய். பெண்களுக்கு 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், ஆண்களுக்கு 2024 ஆகஸ்ட் 9-ல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டம். புதுமைப் பெண் திட்டத்துக்கு மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது. மயிலாடுதுறை பக்கம் இருக்கும் அதே மூவலூர்தான்.

இந்த இரண்டு திட்டங்களுக்கும் சாதி வரம்பும் இல்லை, வருமான வரம்பும் இல்லை. 6-ஆம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களும் பிறகு சேர்க்கப்பட்டார்கள். பள்ளிப் பதிவு, ஆதார், வங்கிக் கணக்கு ஆகியவைதான் முக்கியம். சாதிச் சான்றிதழ் கையில் வர ஆறு மாதம் ஆனாலும் இந்த விண்ணப்பத்தை அதற்காக நிறுத்தி வைக்கத் தேவையில்லை. கல்லூரியில் சேர்ந்ததும் அங்குள்ள பொறுப்பு அலுவலர் மூலமாகவே பதிவு செய்யலாம்.

அடுத்தது பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் மாணவர்களுக்கான உதவி. அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் மூன்றாண்டு இளங்கலைப் படிப்பில் சேர்ந்தவர்களுக்கு இங்கே வருமான வரம்பு கிடையாது. சாதிச் சான்றிதழ் மட்டும் கட்டாயம். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் பி.ஏ. சேர்ந்த மாணவர், வருமானச் சான்றிதழ் தாமதமாகிறதே என்று பதற வேண்டியதில்லை. முதுகலை, பாலிடெக்னிக், தொழிற்படிப்பு என்றால் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைதான் கொஞ்சம் கறாரானது. சாதிச் சான்றிதழ், 2.5 லட்சத்துக்குள் வருமானச் சான்றிதழ், ஆதார் இணைந்த வங்கிக் கணக்கு, மூன்றும் வேண்டும். பி.ஏ., பி.எஸ்சி. போன்ற படிப்புகளுக்குக் கட்டணம் போக, வீட்டிலிருந்து போய்வரும் ஆதிதிராவிட மாணவருக்கு ஆண்டுக்கு 3,000 ரூபாயும் விடுதியில் தங்கும் ஆதிதிராவிட மாணவருக்கு 6,000 ரூபாயும் படிப்புப் படியாகக் கிடைக்கும். தொழிற்படிப்புகளுக்கு இது கூடும். ஆதிதிராவிடராக இருந்து கிறிஸ்தவத்துக்கு மாறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மாநில அரசு தனியாக இதே உதவியைத் தருகிறது.

அப்பா, அம்மாவிடமே சான்றிதழ் இல்லையென்றால்?

சிக்கலின் மையம் இதுதான். பெற்றோரின் சான்றிதழ் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். இல்லாவிட்டால் கூடப்பிறந்தவர்களுடையது உதவும். அண்ணனோ அக்காவோ பள்ளிக்காக ஏற்கெனவே வாங்கியிருந்தால் அதை முதலில் தேடுங்கள். தேடிப் பார்த்தால் பெரியப்பா, சித்தப்பா வீட்டுப் பீரோவில் ஒரு பழைய அட்டை கிடைப்பதும் உண்டு. அது நேரடி ஆதாரமாக ஏற்கப்படாவிட்டாலும் விசாரணைக்கு வலு சேர்க்கும்.

எதுவுமே இல்லையென்றால் கள விசாரணை. கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் ஊரில் விசாரித்து அறிக்கை தர வேண்டும். பள்ளி மாற்றுச் சான்றிதழ், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை எல்லாம் அப்போது கையில் இருக்கட்டும்.

விண்ணப்பம் போகும் பாதையும் சமூகத்துக்குச் சமூகம் மாறும். பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்புகளுக்கு மண்டலத் துணை வட்டாட்சியர். ஆதிதிராவிடர் என்றால் வட்டாட்சியர். திருப்பனந்தாள்காரர்களுக்கு அது திருவிடைமருதூர் தாலுகா ஆபீஸ். பழங்குடியினர் என்றால் கும்பகோணம் கோட்டத்துக்கே போக வேண்டும். அங்கே விசாரணை இன்னும் விரிவாக இருக்கும் என்பதால், அவர்கள் பிளஸ் ஒன் படிக்கும்போதே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

நரிக்குறவர், குருவிக்காரர் குடும்பங்கள் இதில் தனியாகக் கவனிக்க வேண்டும். இவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதற்கு முன்பு வாங்கிய சான்றிதழில் மிகப் பிற்படுத்தப்பட்டோர் என்றுதான் இருக்கும். அதை வைத்துப் பழங்குடியினர் உதவித்தொகைக்குப் போட்டால் ஏற்காது. புதுச் சான்றிதழ் வாங்க வேண்டும்.

டெல்டாவில் அடிக்கடி காதில் விழும் இன்னொரு பயம்: "நாங்க இருக்கறது மடத்து இடம், பட்டா இல்லையே". திருப்பனந்தாள் காசி மடத்தின் ஊர். சுற்றுவட்டாரத்தில் மடத்துக்கும் கோயில்களுக்கும் சொந்தமான அடிமனையில் வீடு கட்டித் தலைமுறையாக இருப்பவர்கள் டெல்டா முழுக்க இருக்கிறார்கள். சாதிச் சான்றிதழுக்கோ வருமானச் சான்றிதழுக்கோ பட்டா கேட்கப்படுவதில்லை. முகவரிக்கு ரேஷன் கார்டு போதும். பட்டா பிரச்சினை வேறு, பிள்ளையின் படிப்பு வேறு.

பழைய கையெழுத்து அட்டை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது பொய்யாகிவிடவில்லை. ஆனால் உதவித்தொகைத் தளம் ஆன்லைன் சான்றிதழின் எண்ணைக் கேட்டுச் சரிபார்க்கும். அதனால் அட்டையைக் காட்டி ஆன்லைனில் புதிதாக எடுத்துக்கொள்ள வேண்டும். இ-சேவை மையத்தில் ஒரு சான்றிதழுக்குக் கட்டணம் 60 ரூபாய். அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள்.

கூலி வேலைக்கு வருமானச் சான்றிதழ் எப்படி?

சம்பளச் சீட்டு இருக்காது என்பது அலுவலகத்துக்கும் தெரியும். சுய உறுதிமொழியும் கிராம நிர்வாக அலுவலரின் விசாரணையும்தான் அடிப்படை. இது ஓராண்டுக்குத்தான் செல்லும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

எல்லாம் சரி, பணம் மட்டும் வரலையே?

விண்ணப்பம் ஏற்கப்பட்டும் பணம் வராமல் போவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று பெயர், இன்னொன்று வங்கி.

தமிழ்நாட்டின் இனிஷியல் பழக்கம் கம்ப்யூட்டருக்குப் புரியாது. மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், வங்கியில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால் மூன்று பேர் போலத் தெரியும். மார்க் ஷீட்டில் இருப்பதை மூலமாக வைத்துக்கொண்டு மற்றதை அதற்கு ஏற்ப மாற்றுவதுதான் சுலபம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும்தான் மாற்றலாம். அவசரத்தில் தப்பாக மாற்றிவிட்டால் அந்த வாய்ப்பு போச்சு. 15 வயதுக்குப் பிறகு கைரேகை, கருவிழியைப் புதுப்பிப்பது கட்டாயம். 17 வயதுக்குள் செய்தால் கட்டணம் இல்லை. இதைச் செய்யாத பிள்ளைகளுக்குத்தான் கைரேகை வைக்கும்போது மெஷின் கையை விரிக்கிறது.

வங்கி விஷயத்தில் நடக்கும் குழப்பம் இது. "பேங்க்ல ஆதார் கொடுத்தாச்சே" என்பார்கள். கணக்குத் தொடங்க ஆதார் நகல் கொடுப்பது வேறு, அரசுப் பணம் வந்து சேர அந்தக் கணக்கை ஆதாரோடு இணைப்பது வேறு. ஆங்கிலத்தில் 'சீடிங்' என்கிறார்களே, அதைத் தனியாகக் கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு ஆதாருக்கு ஒரு கணக்குதான் இப்படி இணையும். கடைசியாக எதை இணைத்தீர்களோ அதில்தான் பணம் விழும். பள்ளிக்கூடக் காலத்தில் திறந்து மறந்துபோன கணக்கில் ஆயிரம் ஆயிரமாகச் சேர்ந்துகொண்டிருக்கலாம். மை ஆதார் தளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால் எந்த வங்கி என்று தெரிந்துவிடும். புதிதாகத் தொடங்குவதானால் தபால் நிலையத்திலேயே இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கிக் கணக்கைத் திறந்து இணைத்துக்கொள்ளலாம்.

குடியுரிமையே இல்லாத மாணவர்கள்?

இதுவரை சொன்னது தாள் தொலைந்த குடிமக்களைப் பற்றி. இந்தியக் குடியுரிமையே இல்லாமல் இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் நம் கல்லூரிகளில் படிக்கிறார்கள். டெல்டாவுக்கு அருகே திருச்சி கொட்டப்பட்டு, வாழவந்தான்கோட்டை முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர் வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். 1987 ஜூலை 1-க்குப் பிறகு இந்தியாவில் பிறந்தவருக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இல்லாவிட்டால் பிறப்பால் குடியுரிமை கிடையாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை. சாதிச் சான்றிதழை வைத்துத் தரும் உதவிகள் இவர்களுக்கு எட்டாது.

அதற்குப் பதிலாக மாநில அரசு தனி வழி வைத்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் அறிவித்தபடி, முகாம் மாணவர்களுக்கான ஆண்டு உதவி பாலிடெக்னிக்குக்கு 2,500 ரூபாயிலிருந்து 10,000 ஆகவும், இளங்கலை கலை, அறிவியலுக்கு 3,000-லிருந்து 12,000 ஆகவும், தொழிற்படிப்புக்கு 5,000-லிருந்து 20,000 ஆகவும் உயர்ந்தது. இங்கே சாதிச் சான்றிதழின் இடத்தில் இருப்பது முகாம் பதிவு. குடும்ப அடையாள அட்டையோடு முகாமுக்குப் பொறுப்பான வருவாய்த் துறை அலுவலர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும்.

அமெரிக்காவிலும் ஆவணமில்லாத மாணவர்களுக்கு மத்திய அரசின் உதவி இல்லை. ஆனால் கலிபோர்னியா மாநிலம் 2011-ல் ட்ரீம் சட்டம் கொண்டுவந்து மாநிலப் பணத்தில் உதவுகிறது. குடியுரிமை தருவது மத்திய அரசின் கையில் இருந்தாலும், கல்லூரிக் கட்டணத்தை மாநிலம் பார்த்துக்கொள்ளலாம் என்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

விண்ணப்பம் நின்றுபோனால் யாரிடம் போவது?

"சர்வர் டவுன், நாளைக்கு வாங்க" என்பதில் ஒரு மாதம் ஓடிவிடும். விண்ணப்பித்த அன்றே ஒப்புகை எண்ணை வாங்கி போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நிராகரித்தால் காரணம் ஆன்லைனில் தெரியும். காரணத்தைச் சரிசெய்து மீண்டும் விண்ணப்பிக்கலாம், அத்தோடு கதை முடிவதில்லை. நகராமல் கிடந்தால் திங்கட்கிழமை தஞ்சாவூர் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம் இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் 1100 என்ற எண்ணில் முதல்வரின் முகவரி உதவி மையத்துக்குப் பேசலாம். பசலி ஆண்டு முடியும் சமயத்தில் திருவிடைமருதூர் தாலுகா ஆபீஸில் ஜமாபந்தி நடக்கும்போது மனுவை நேரில் கொடுக்கலாம். கல்லூரி அட்மிஷன் நேரமும் ஏறக்குறைய அதுதான்.

சான்றிதழ் வருவதற்குள் கல்லூரியில் கடைசித் தேதி வந்துவிட்டால், அந்த ஒப்புகைச் சீட்டின் நகலோடு முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதி, உதவித்தொகைப் பிரிவில் கொடுத்து, கொடுத்ததற்கு ஒரு சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.