மாடிக்கு எட்டாத வலை

கீழ்த்தளத்தில் ஒரு ரௌட்டர், மாடியில் மற்றொன்று. இரண்டையும் பாலமாய் இணைத்து ஒரே வலையாக ஆளுதல் இக்காலத்து இல்லங்கள் பலவற்றிற் காணப்படுவதாம். மாடியிலமர்ந்து கைபேசியைத் திறப்பின் வைஃபைக் குறி நிறைவாய் நிற்கின்றது. பக்கமோ யாதும் வந்திலது. விண்ணப்பத்தின் கடைசி நாளன்று இது நேரின் மாணவர் படும் பாடு சொல்லுந்தரத்ததன்று. கருவி கெட்டதென்று கருதிச் சிலர் புதியதொன்று வாங்க விரைகின்றனர். அப்பணம் பெரும்பாலும் வீணே செலவாகின்றது என்பது எம் கருத்து.

அக்குறி, கைபேசிக்கும் அதனோடு தொடர்புற்ற ரௌட்டருக்கும் இடையேயுள்ள அலையின் வலிமையை மாத்திரம் காட்டும். அதற்கப்பால் வழி உண்டோ இல்லையோ, அக்குறிக்குத் தெரியாது. ஆகவே, கணினியொன்றை மாடி ரௌட்டரிற் கம்பியால் மாட்டிப் பார்த்தல் வேண்டும். கம்பியில் நடந்து வைஃபையில் நடவாதாயின் குறை அலையினது. கடவுச்சொல்லையும் சானலையும் நோக்குக. கம்பியிலும் நடவாதாயின் குறை பெரும்பாலும் பாலத்தினதே.

பாலம் என்னும் பெயர் சற்று மயக்கந் தருவது. ஆற்றுப்பாலம் இரு கரைகளையும் இரண்டாகவே விட்டு இணைக்கும். இப்பாலமோ இரண்டையும் ஒரே நிலமாக்கிவிடும். ஒரு நிலத்திற்கு முகவரி வழங்குவார் ஒருவரே இருத்தல் நலம். கணினியின் ஐ.பி. முகவரி 169.254 என்று தொடங்குமாயின், வழங்குவார் எவரும் விடை கூறாமையின் கணினி தானே ஒன்றை இட்டுக்கொண்டது என்பது பொருள். அன்றி, இரண்டு ரௌட்டர்களும் 192.168.1.1 என்னும் ஒரே முகவரியைத் தமதெனக் கொண்டு, இரண்டுமே பிறவற்றிற்கு முகவரி வழங்கிக்கொண்டிருத்தலும் உண்டு. அப்பொழுது மாடி ரௌட்டரில் டி.எச்.சி.பி. என்னும் வழங்கும் பணியை நிறுத்தி, அதற்கு 192.168.1.2 போன்ற வேறு முகவரி தந்து, கீழிருந்து வருங் கம்பியை ‘இன்டர்நெட்’ என்று குறித்த துளையில் அன்றி ‘லேன்’ துளையிற் செருகுதல் வேண்டும்.

இரண்டு ரௌட்டர்களுக்கும் இடையே கம்பியின்றி அலையே பாலமாயின் வேறொரு சிக்கல் எழும். அதுவே யாம் மிகச் சுவையுடையதெனக் கருதுவது. சாதாரண வைஃபைக் கருவி ரௌட்டருக்கு விடுக்கும் ஒவ்வொரு செய்திப்பொதியிலும் மூன்று வன்பொருள் முகவரிகளுக்கே இடமுண்டு: ஏற்கும் ரௌட்டர், அனுப்பும் கருவி, சேரவேண்டிய இடம். அனுப்புவதும் எழுதியதும் ஒரே கருவி என்று கொள்ளப்படுதலின், அதன் பின்னே நிற்கும் பிறிதொரு கணினியின் பெயரைப் பொறிக்க இடமில்லை. அதனால் மாடி ரௌட்டர் தான் மட்டும் வலையில் இருக்க, அதனைச் சார்ந்த கணினிகள் புறத்தே நிற்கும். நான்கு முகவரி கொள்ளும் டபிள்யு.டி.எஸ். என்னும் முறையை இரண்டு ரௌட்டர்களிலும் அமைப்பின் இக்குறை நீங்கும். எனினும், வெவ்வேறு கம்பெனிகளின் கருவிகள் இம்முறையில் ஒன்றோடொன்று இணங்காமையும் உண்டு. ஒரே கம்பெனியினவற்றைக் கொள்ளுதல் நன்று.

பின்னொருநாள் கம்பி இழுப்பின் அலைப்பாலத்தை மறவாது அணைத்துவிடுக. இரண்டும் ஒருங்கிருப்பின், எல்லோர்க்கும் விடுக்கப்படும் பொதிகள் ஒரு வழியேறி மறுவழியிறங்கி ஓயாது சுழன்று வீட்டு வலை முழுவதையும் அடைத்துவிடும். இச்சுழற்சியைத் தடுத்தற்கென்றே ராடியா பெர்ல்மன் அம்மையார் 1985இல் ஒரு முறை வகுத்தனர். ஆயினும் வீட்டு ரௌட்டர்கள் அனைத்திலும் அஃது இயங்குமென நம்பியிருத்தல் இயலாது.