ஸ்னேர் முதல்ல, ரேக் அப்புறம்

பாரிவாக்கத்துல இருந்து பேசுறேன். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் அப்பார்ட்மென்ட்ல இருந்துக்கிட்டு டிரம்ஸ் கத்துக்கணும்னா, பக்கத்து வீட்டுக்காரங்களுக்குப் பயந்தாவது எலெக்ட்ரானிக் கிட்தான் வாங்குவோம். அதுல நிறைய பேர் கேட்கிற ஒரு கேள்வி இது: “மேனுவல் பார்த்து கரெக்டா மாட்டிட்டேன். ஆனா அரை மணி நேரம் வாசிச்சா முதுகு வலிக்குது. ஏன்?”

பெரும்பாலும் காரணம் ஸ்னேர் பேட் இருக்கிற இடம். மேனுவல் ரேக்கை எப்படி மாட்டணும்னு சொல்லும். உங்க உடம்போட அளவு அதுக்குத் தெரியாது.

ஸ்னேர் நமக்குப் புதுசு இல்லை. ஆகஸ்ட் 15 அன்னைக்கு ஸ்கூல் பேண்டுல வாசிக்கிற சைடு டிரம் இதே குடும்பம்தான். அடித்தோலை ஒட்டி இருக்கிற கம்பிகளாலதான் அந்த ‘சர்’ சத்தம் வருது. பட்டையில மாட்டி நடக்கும்போது அந்த டிரம் ஒரு பக்கமா சாய்ஞ்சிருக்கும். அந்தச் சாய்வுக்கு ஏத்த மாதிரி உருவானதுதான் இடது கைக் குச்சியை உள்ளங்கை மேலே பார்க்கப் பிடிக்கிற டிரெடிஷனல் கிரிப். அதாவது டிரம் ஒரு இடத்துல மாட்டிக்கிச்சுன்னா, கைதான் வளைஞ்சு கொடுக்கும். ரேக்லயும் இதேதான் நடக்குது. பேட் தூரமா இருந்தா முதுகு வளையும்.

அதனால வரிசையை மாத்துங்க. முதல்ல சீட். தொடை லேசா கீழே சரியணும், இடுப்பு முட்டியை விடக் கொஞ்சம் உயரமா இருக்கணும். வலது கால் கிக் பெடல்ல, இடது கால் ஹை-ஹாட்ல இயல்பா விழட்டும். இப்போ ரெண்டு முட்டிக்கும் நடுவுல ஒரு இடைவெளி வருது இல்லையா, அதுதான் ஸ்னேரோட இடம்.

அடுத்தது உயரம். தோளை இறக்கி, முழங்கையைப் பக்கவாட்டுல தளர்வா விடுங்க. முன்கை கிட்டத்தட்ட தரைக்கு இணையா, இல்லைன்னா லேசா கீழ்நோக்கி இருக்கணும். பேடோட விளிம்பு தொடையை விட ரெண்டு மூணு விரல்கடையாவது மேலே இருந்தா, ரிம்ஷாட் அடிக்கும்போது கை தொடையில இடிக்காது. சாய்வு? ரெண்டு கையிலயும் ஒரே மாதிரி பிடிக்கிறவங்க சமதளமாவோ, லேசா தன் பக்கம் சாய்ச்சோ வச்சா போதும்.

இப்போ ஒரு டெஸ்ட். கண்ணை மூடிக்கிட்டுக் குச்சியை இறக்குங்க. நுனி ரெண்டும் பேடோட நடுவுல விழணும். விழலைன்னா நீங்க நகராதீங்க, பேடை நகர்த்துங்க.

ரேக் இதுக்கு அப்புறம்தான். குறுக்குக் குழாய் உங்க முட்டிக்கு முன்னாடி ஓடுது. அதுல இருந்து ஒரு கம்பி பேடை உங்க பக்கம் நீட்டிப் பிடிக்குது. கம்பி போதலைன்னா முதல்ல கிளாம்பைக் குழாய்ல நகர்த்திப் பாருங்க. அப்புறம் ரேக்கோட இடது காலை உள்பக்கமா திருப்புங்க. கம்பியை மட்டும் இழுத்துக்கிட்டே போகாதீங்க. இன்ஜினியரிங் முதல் வருஷம் படிச்ச டார்க் ஞாபகம் இருக்கா? எடையை தூரத்தால பெருக்கணும். அதே பேடை 20 சென்டிமீட்டர்ல இருந்து 40-க்கு நீட்டினா, கிளாம்ப் மேல வர்ற திருகுவிசை ரெண்டு மடங்கு. அதுக்கு மேல நீங்க அடிக்கிற அடி வேற. பத்து நிமிஷத்துல பேட் தலையைத் தொங்கப் போடும். இடம் சரியானதும் கிளாம்ப் நின்ன இடத்துல மார்க்கர்ல ஒரு கோடு போட்டு வைங்க, கழட்டி மாட்டினாலும் அதே இடத்துக்கு வரும்.

இன்னொரு சிக்கல் கிராஸ்டாக். ஸ்னேரை ஓங்கி அடிச்சா ரேக் முழுக்க அதிரும். அந்த அதிர்வைப் பக்கத்து டாம் தன் மேல விழுந்த அடின்னு நினைச்சு சத்தம் கொடுக்கும். பேட் ஒண்ணோட ஒண்ணு தொடாம வைங்க, கிளாம்ப்பை இறுக்குங்க. அதுக்கு அப்புறம்தான் மாட்யூல்ல கிராஸ்டாக் செட்டிங். இடத்தைச் சரி பண்ணாம செட்டிங்கை ஏத்தினா, மெதுவா அடிக்கிற நிஜமான அடியையும் அது முழுங்கிடும்.

எல்லாம் செஞ்சும் எட்டலையா? ஸ்னேரை ரேக்ல இருந்து கழட்டித் தனி ஸ்டாண்டுல வைங்க. பேர்ல் கம்பெனி டோட்டோ பேண்டு டிரம்மர் ஜெஃப் போர்காரோவோட சேர்ந்து 1980-கள்ல ரேக் கொண்டுவந்து இத்தனை வருஷம் ஆகியும், அக்கூஸ்டிக் வாசிக்கிறவங்க பெரும்பாலும் ஸ்னேரைத் தனி ஸ்டாண்டுலதான் வைக்கிறாங்க. ரோலண்ட்கூட விலை அதிகமான கிட்கள்ல 14 இன்ச் டிஜிட்டல் ஸ்னேரைத் தனி ஸ்டாண்டுக்குன்னே கொடுக்குது. உங்க பேடுக்குப் பொருந்துற ஸ்டாண்டான்னு மட்டும் பார்த்து வாங்குங்க. சின்ன பேட் சில ஸ்டாண்டோட கூடையில நிக்காது.

புது கிட் வாங்கணும்னு தோணுறதுக்கு முன்னாடி, இன்னைக்கு சாயங்காலம் ஆலன் கீயும் டிரம் கீயும் எடுத்துட்டு ஒரு இருபது நிமிஷம் உட்காருங்க. அதுக்கு அப்புறமும் வலி போகலைன்னா வாசிக்கிறதை நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க. அடுத்த எபிசோடுல கிக் பெடல், அப்புறம் கீழ் வீட்டுக்காரங்க. சந்திப்போம்!